லிஸ்பன் மேட்டுக்கு ஒரு மோட்டார்

லிஸ்பன் விமான நிலையத்தில் என் அட்டைப் பெட்டியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். திறந்து பார்த்த சுங்க அதிகாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று கைலிகளில் சுற்றிய ஒரு சைக்கிள் சக்கரம். அதன் நடுவில் இட்லிக் குண்டான் மூடி அளவுக்கு ஒரு மோட்டார். இடுக்குகளில் மிளகாய்த்தூள் பொட்டலமும் தம்ரூட் இனிப்பு டப்பாவும். இது என்ன என்று கேட்டார். மோட்டார் என்றேன். அது தெரிகிறது, யாருக்கு என்றார். தங்கைக்கு என்றேன். மனிதர் என்னையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

எனக்கு மன்னார்குடியில் மோட்டார் வைண்டிங் கடை. பம்புசெட்டு மோட்டார் எரிந்துபோனால் பழைய காயிலை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கட்டிக் கொடுப்பேன். தொண்ணூறுகளில் ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தபோது நானும் ஷார்ஜாவுக்குப் போய் எட்டு வருடம் இதே வேலைதான் பார்த்தேன். ஹிந்தி அங்கே வந்தது, தலைமுடி அங்கே போனது. தங்கை நூர்ஜஹான் எனக்குப் பிறகு கிளம்பி, என்னைவிடத் தூரம் போய்விட்டாள். முதலில் துபாய், அங்கிருந்து போர்ச்சுகல். அவள் வீட்டுக்காரர் பஷீர் மச்சான் தெற்கே ஒரு பழத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார்.

நூர்ஜஹானுக்கு லிஸ்பனில் தொண்ணூறு வயது அம்மாள் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். மகள் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. இந்த வேலையை வைத்துத்தான் நூர்ஜஹானுக்கு அந்த நாட்டில் இருக்க அட்டை கொடுத்திருக்கிறார்கள். வேலை போனால் அட்டையைப் புதுப்பிக்க முடியாது.

"அண்ணே, முட்டி வலி தாங்கல. சைக்கிளுக்கு ஒரு மோட்டார் கட்டிக் குடுங்களேன்" என்று போனில் கேட்டாள். வீட்டிலிருந்து அந்த அம்மாள் வீட்டுக்கு ஏறித்தான் போக வேண்டுமாம்.

"ரொம்ப மேடாம்மா?"

"நம்ம ஆத்துக் கரை ஏறுற மாதிரிதாண்ணே. கொஞ்சம் நீளம்."

ஆற்றுக் கரைதானே என்று நானும் தெம்பாக இறங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் அதுதான். மற்றபடி வயலில் தண்ணீர் பாய்ச்சும்போது இந்தக் கொல்லை அந்தக் கொல்லையைவிட நாலு விரல் உசத்தி என்று தெரியும், அதற்கே வரப்பில் நின்று சண்டை போடுவோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சைக்கிள் மோட்டார் வரவழைத்தேன். பின்சக்கரத்தின் அச்சிலேயே உட்காரும் வகை. பிரித்து, இழுவைக்காகச் சுற்றுகளைக் கூட்டிப் புதுக் காயில் கட்டினேன். ஆற்றுக் கரை போதாது என்று தஞ்சாவூர் ரயில்வே மேம்பாலத்துக்குக் கொண்டுபோய், கேரியரில் ஒரு மூட்டை நெல்லை வைத்துக் கட்டி, நானும் ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். பாலத்தின் உச்சி வரை ஒரே சீராக ஏறியது. இறங்கித் தொட்டுப் பார்த்தேன், மோட்டார் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அந்த ஒரு சோதனையை நம்பித்தான் கடல் தாண்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நூர்ஜஹான் என்னை ட்ராமில் ஏற்றினாள். ஊரைக் காட்டுகிறேன் என்றாள். மஞ்சள் நிறத்தில், மரச் சன்னல் வைத்த ஒற்றைப் பெட்டி. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு திருப்பம் வந்தது. எதிரே சுவர் எழுந்து நிற்கிறதே, வண்டி எங்கே போகப்போகிறது என்று பார்த்தேன். சுவர் இல்லை, தெருவேதான். அந்தத் தெருவில் ட்ராம் ஏறியது. முன்னால் நின்றவர்களின் செருப்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிஸ்மி சொன்னேன்.

இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வீட்டின் வாசல் பக்கத்து வீட்டின் மாடிக்கு நேராக இருக்கிறது. ஒரு பக்கம் தரைத்தளத்தில் நுழைந்தவர் மறுபக்கம் மூன்றாம் மாடிச் சன்னலில் துணி காயப்போடுகிறார். எண்பது வயதுக்காரர்கள் கையில் பை வைத்துக்கொண்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டு ஏறுகிறார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு தெரு இருந்திருந்தால் அதற்கு மலை என்று பெயர் வைத்து, உச்சியில் ஒரு கோயில் கட்டி, வருடத்துக்கு ஒரு தரம் ஏறியிருப்போம். இவர்கள் இதில் பால் வாங்கப் போகிறார்கள்.

பாதி மேட்டில் ட்ராம் நின்றது. தண்டவாளத்தை மறித்து எவரோ காரை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருக்கிறார். ஓட்டுநர் மணியடித்தார், நிறுத்தி அடித்தார், விடாமல் அடித்தார். பின்னால் இருந்த பெரியவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நூர்ஜஹான் எனக்குச் சொன்னாள்: "'என் கல்யாணத்துக்கும் இதே ட்ராம்லதான் கிளம்பினேன், அன்னிக்கும் கார் நின்னிருந்தா தப்பிச்சிருப்பேன்'ங்கிறாரு." இருபது நிமிடம் ஆயிற்று. நம் ஊராக இருந்தால் நாலு பேர் இறங்கிக் காரைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பார்கள். இந்த ட்ராமை நம்பி ஏன் வேலைக்குப் போக முடியவில்லை என்று அவளைக் கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

"நீ போற வீடு எங்கம்மா?"

அவள் சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பக்கவாட்டில் இல்லை, மேலே. ட்ராம் போகாத ஒரு சந்து, எங்கள் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது.

"இதையா நீ ஆத்துக் கரைன்னு சொன்னே?"

"மலைன்னு சொன்னா அம்மா தூங்க மாட்டாங்கண்ணே. நீங்களும் உடனே ஊருக்குக் கிளம்பி வான்னு சொல்லிருவீங்க" என்றாள் சாதாரணமாக. ஆறு வருடமாக ஏறி இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் போனில் பேசியிருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கார்க்காரன் மேல் காட்டினேன்.

ஆனாலும் என் காயில் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. அன்றே அவளுடைய சைக்கிளில் சக்கரத்தை மாற்றினேன். பேட்டரியை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நேபாளி ஒருவரிடம் அதை வாங்கி வைத்திருந்தாள். பெயர் பிரேம். சின்ன உருவம், தோளில் எப்போதும் ஒரு கிரீஸ் துணி. அவர் என் மோட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். மேம்பாலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். "ஏற எவ்வளவு நேரம் ஆனது?" என்றார். ஒரு நிமிடம் இருக்கும் என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளியை எதற்கு வருத்தப்படுத்துவது என்று நினைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. நூர்ஜஹான் சைக்கிளில் ஏற, நான் கூடவே நடந்தேன். முதல் தெருவில் அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாவது திருப்பத்தில் எட்டிப் பிடித்துவிட்டேன். சைக்கிள் நடைவேகத்துக்கு வந்திருந்தது. மோட்டார் உறுமியது. அந்த உறுமல் எனக்குத் தெரியும். பிறகு வாசனை வந்தது, அதுவும் தெரியும். முப்பது வருடமாக என் கடையில் வரும் வாசனை, காயில் மேல் பூசிய வார்னிஷ் வேகும் வாசனை. நிறுத்தச் சொல்வதற்குள் சக்கரத்தின் நடுவிலிருந்து புகை வந்து, எல்லாம் ஓய்ந்துபோனது.

அவள் இறங்கினாள். செத்த மோட்டாரோடு அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து ஏறினாள். நான் வாங்கித் தள்ளப் பார்த்தேன். நாற்பது அடி தள்ளியதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. கருங்கல் பதித்த தெரு, பனியில் வழவழவென்று இருந்தது. "விடுங்கண்ணே, உங்களுக்குப் பழக்கமில்லை" என்று அவளே வாங்கிக்கொண்டாள். வழியில் ரொட்டிக் கடைக்காரிக்கு வணக்கம் சொன்னாள், ஒரு கிழவருக்குக் கையாட்டினாள், திருப்பத்தில் சுவரில் கை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், மறுபடி ஏறினாள். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மாளின் மகள் கைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை, மெதுவாக நாலு வாக்கியம் பேசிவிட்டுப் போனாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"இது மூணாவது தடவையாம். திங்கக்கிழமையும் லேட்டானா வேற ஆளு பாத்துக்குறோம்னு சொல்றாங்க."

முதல் இரண்டு தடவை அவள் முட்டியால். மூன்றாவது என்னால். மோட்டார் கட்டிக் கொடுத்துக் காப்பாற்ற வந்தவன், வந்த மறுநாளே வேலைக்கு உலை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி அவள் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை பிரேம் கடையில் போய் உட்கார்ந்தேன். எரிந்த மோட்டாரைப் பிரித்து இருவரும் பார்த்தோம். காயில் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "உங்கள் கைவேலை சுத்தம். இதைச் சமதரையில் பத்து வருடம் ஓட்டலாம்" என்றார் பிரேம். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். "மோட்டார் இங்கே அச்சில் உட்கார்ந்தால் சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் மோட்டாரும் சுற்றும். மேட்டில் சக்கரம் மெதுவாகிவிடும். மோட்டாரால் சுற்றவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. என்ன செய்யும்?"

என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? சித்திரை மாதம் கரண்டு குறைந்து வரும்போது போர் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும். நிறுத்தாமல் விட்டால் சுற்றாத மோட்டாருக்குள் மின்சாரம் முழுக்கச் சூடாக மாறிக் காயில் வெந்துவிடும். லோ வோல்டேஜில் ஓட்டாதீங்க, ஓட்டாதீங்க என்று கடைக்கு வரும் ஒவ்வொரு மிராசுதாரையும் திட்டியிருக்கிறேன். அவர்கள் செய்யும் அதே தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன். மேம்பாலத்தில் ஒரு நிமிடம் மூச்சை அடக்கலாம். இங்கே பன்னிரண்டு நிமிடம்.

பிரேம் வேறொரு சைக்கிளைக் காட்டினார். அதில் மோட்டார் பெடல் இருக்கும் இடத்தில், நடுவில் இருந்தது. அது சக்கரத்தைச் சுற்றுவதில்லை, செயினை இழுக்கிறது. பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பல்சக்கரம். செயினை அதில் போட்டுவிட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், மோட்டார் மட்டும் தன் வேகத்தில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. முப்பது வருடம் செப்புக் கம்பியோடு புழங்கியவனுக்கு இந்தப் புத்தி தோன்றவில்லை. தோன்ற வேண்டிய தேவை எங்கள் ஊரில் இல்லை.

"நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்றேன்.

"எங்கள் கிராமத்தில் பள்ளிக்கூடம் போக இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். முதலில் கால்தான் சொல்லிக் கொடுத்தது" என்றார். பிறகு அவர் ஒன்று கேட்டார், என்னால் நம்ப வைக்க முடியவில்லை: "உங்கள் ஊர் முழுக்கச் சமதரையா? அப்படியானால் தண்ணீர் எப்படி ஓடும்?" ஓடும், நூறு மைல் தூரம் விரல்கடை விரல்கடையாக இறங்கிக் கடலுக்குப் போகும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் இந்த ஊர் மேட்டைப் பார்த்து அசந்ததுபோல அவர் என் தண்ணீரை நினைத்து அசந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பஷீர் மச்சான் வந்துவிட்டார். கீழ்த் தெருவில் மத்தி மீனை உப்பு மட்டும் போட்டுக் கரியில் சுட்டு விற்றார்கள், வாங்கி வந்தார். மிளகாய் இல்லை, புளி இல்லை, எப்படிச் சாப்பிடுவது என்று நினைத்தேன். வாயில் வைத்ததும் அந்த நினைப்பே போய்விட்டது. கூடவே ஒரு சோறு. மீன் சாற்றில் குழைய விட்டு, கரண்டியில் எடுத்தால் வழிகிறது. எங்கள் வீட்டில் அப்படிச் சோறு வடித்தால் பானையைத் திரும்ப அடுக்களைக்கே அனுப்பிவிடுவோம். இங்கே அதற்கென்றே தனி அரிசி விளைகிறதாம். மச்சான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், நானும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரேம் இரண்டு சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டிலும் மோட்டார் நடுவில்தான். ஒன்று, பெடல் சுற்றினால் போதும், அழுத்தவே வேண்டாம், தானாக இழுக்கும். மற்றொன்று, கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதை அளந்து அதற்குத் தக்கபடி கூட்டிக் கொடுக்கும். நான் யோசிக்கவே இல்லை. முட்டி வலிக்காரிக்கு அழுத்த வேண்டாத வண்டிதான் என்று சொல்லிவிட்டேன். மச்சானும் அதையே சொன்னார். நானே முதலில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் திருப்பம் வரை, என் மோட்டார் செத்த இடம் வரை, எண்பது கிலோ உடம்போடு ஏறிப் போனேன். கீழே ஆறும் கூரைகளும் தெரிந்தன. ஆறு என்றால் நம் வெண்ணாறு அல்ல, கப்பல் போகும் ஆறு. அரை வேக்காட்டுப் பொறியாளன் ஒருவன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறானே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

நூர்ஜஹான் இரண்டையும் ஒவ்வொன்றாக வாங்கி ஓட்டிப் பார்த்தாள். அவள் என்னைப் போல் விரட்டி ஓட்டவில்லை. மேட்டின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினாள். காலை ஊன்றி நின்றுவிட்டு, நின்ற இடத்திலிருந்து கிளப்பிப் பார்த்தாள். திரும்பி வந்து, "இது வேணாம்ணே" என்றாள், நான் சொன்ன வண்டியைக் காட்டி.

"ஏம்மா? அழுத்தவே வேணாமே."

"ஓடும்போது வேணாம். நின்னுட்டுக் கிளம்பும்போது பெடலு அரைச் சுத்து சுத்தினாத்தான் மோட்டாருக்குத் தெரியுது. அந்த அரைச் சுத்து என் முட்டிதான் சுத்தணும். உயிரு போவுது."

"நடுவுல எதுக்கு நிறுத்துறே?"

"நிறுத்தாம எப்படிண்ணே? ட்ராம் வரும். குப்பை வண்டி வரும். வயசானவங்க குறுக்க வருவாங்க. ஒரு நாளைக்கு எட்டு எடத்துல நிக்கணும். அந்த இன்னொரு வண்டி, கால் விரல வச்சாலே புரிஞ்சுக்குது."

பிரேம் சிரித்துவிட்டார். மேம்பாலத்தில் எவரும் நடுவில் நிற்பதில்லை, அதனால் எனக்கு அது தோன்றவில்லை. ஆறு வருடம் அந்த மேட்டில் நின்று நின்று கிளம்பியவளுக்குத் தெரிந்தது, மோட்டார் கட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. அந்த மோட்டாரையே அவளுடைய சைக்கிளில் மாட்டினோம். பிரேம் ஒவ்வொரு திருகாணியையும் என்னிடமே முடுக்கக் கொடுத்தார், மரியாதைக்காக.

திங்கட்கிழமை அவளுக்கு முன்பே, ஆறே காலுக்கு நான் நடந்து கிளம்பினேன். வழியில் நின்றுபோனால் தள்ளிக்கொடுக்க ஆள் வேண்டுமே. தூற்றல் போட்டுக்கொண்டிருந்தது. கல்லெல்லாம் மினுமினுத்தது. இரண்டாம் திருப்பத்துக்கு மேல் அந்தச் சந்து ஆரம்பிக்கும் இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்கு மேல் என் கால் வரவில்லை. யா அல்லாஹ், இந்தத் தூற்றலில் வழுக்காமல் வர வேண்டுமே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஏழே காலுக்கு அவள் வந்தாள். சத்தமே இல்லை. முக்காட்டுக்கு மேல் ஒரு மழைக்கோட்டு, முன்கூடையில் சாப்பாட்டுப் பை. முகத்தில் வேர்வை இல்லை. என் பக்கத்தில், நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்தச் செங்குத்தில், பிரேக்கைப் பிடித்து நின்றாள்.

"நிக்காதே, போம்மா. நேரமாச்சு."

"தண்ணி குடிங்க முதல்ல" என்று பாட்டிலை நீட்டினாள். நான் குடிக்கும்வரை காலை ஊன்றி நின்றாள். பாட்டிலை வாங்கிக் கூடையில் வைத்தாள். வலது பெடலில் பாதத்தை வைத்தாள், அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து வண்டி மேலே போனது. இடது முட்டி மடங்கி நிமிர்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில்கூட அவள் பல்லைக் கடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் பின்னாலேயே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாளின் மகள் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை ஆக இன்னும் நேரம் இருந்தது. அவள் என்னைக் காட்டி நூர்ஜஹானிடம் ஏதோ கேட்டாள். இவள் பதில் சொன்னாள். அவள் தலையசைத்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லி, இறக்கத்தில் வேகமாக நடந்து போய்விட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"யாரு இந்த ஆளு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றாரேன்னு கேட்டாங்க. எங்க அண்ணன், ஊருல பெரிய மோட்டாரு இன்ஜினியருன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துறச் சொன்னாங்க" என்றாள். சைக்கிளைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஈரமென்றும் பார்க்காமல் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.